ரோஜா மடித்த யானை

என்னங்க,

நீங்கள் வேலை பார்க்கும் மலைத் தோட்டத்தில் போன் சிக்னல் இல்லாததால், குரங்கணிக்கு ஏறும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் சிநேகிதி ரோஜாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. நாங்கள் இருவரும் காகிதத்தை மடித்து மடித்துச் செய்த பொம்மைகளை எல்லாம் அவள் மாமியார் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "வெறும் தாளுதான ஆத்தா, இதுக்கா மூஞ்சியத் தூக்குற?" என்கிறார்.

அவள் வீட்டு ஜன்னலில் இருந்த காகித யானை மட்டும் தப்பியது. அது ரோஜா தனியாகச் செய்தது. எப்படி மடித்தாள் என்று பார்க்கப் பிரித்தேன். இப்போது திரும்ப மடிக்க வரவில்லை. மடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன, தும்பிக்கை மட்டும் அமைய மாட்டேன் என்கிறது.

வேறு தாளில் செய்துகொள் என்று பதில் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வாருங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம். நான் தும்பிக்கையை மடிக்கும்போது யானையின் காதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

போடியிலிருந்து
உங்கள் வீட்டுக்காரி