கொக்கி கேட்டால் கப்பல்

மார்ச் 3, திங்கள்
ஹார்டுவேர் கடையில் முதல் நாள். முதலாளி ஒரு மாதம் பார்ப்பாராம்; சரிப்பட்டால் நிரந்தரம். எனக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று நானே சொல்லிவிட்டேன். "மாத்திரை சாப்பிடுறியா?" என்றார். "வேளாவேளைக்கு" என்றேன். "அப்ப துடைப்பத்தை எடு" என்றார். மனுஷனைப் பிடித்துப்போயிற்று. ஐந்து வருடம் வீட்டிலேயே கிடந்தவளுக்கு இதை விட்டால் யார் வேலை தருவார்கள்? விடக் கூடாது.

மார்ச் 4
மானம் போச்சு. ஒருவர் கொக்கி கேட்டார். கொக்கி என்றதும் தூண்டில், தூண்டில் என்றதும் கடல், கடல் என்றதும் கப்பல் — கப்பலில் எத்தனை பேர் போகலாம் என்று அவரிடமே கேட்டு வைத்தேன்! "கொக்கி மட்டும் போதும்மா" என்றார், பாவம். அண்ணியிடம் சொன்னேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி
டாக்டரம்மா பதினைந்து வார்த்தைகளைப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னார். ஐந்துதான் வந்தது. "மத்தவங்க பழமெல்லாம் ஒரு கூடை, துணியெல்லாம் ஒரு கூடைன்னு மனசுக்குள்ளயே பிரிச்சு வெச்சுக்குவாங்க. உங்களுக்கு அது தானா நடக்கறதில்ல. ஒண்ணைத் தொட்டா எங்கேயோ இருக்கறதெல்லாம் எழுந்து வந்துடுது. பழகிக்கலாம்" என்றார்.

மூளை காலி என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! காலியெல்லாம் இல்லை. ஒருவரைக் கூப்பிட்டால் ஊரே வருகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 12
நாற்பது இழுப்பறை. வாஷரெல்லாம் ஒரு வரிசை, ஆணியெல்லாம் ஒரு வரிசை. எது எங்கே என்று மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 15, சனி
செய்யக் கூடாததைச் செய்தேன். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் இழுப்பறைகளை மாற்றினேன். ஒழுகும் குழாய்க்கு வேண்டிய வாஷர், டேப், ஸ்பேனர் எல்லாம் ஒன்றில். கிறீச்சிடும் கதவுக்குக் கீல், திருகாணி, எண்ணெய் இன்னொன்றில். எனக்கு ராஜபாட்டை. அவருக்கு? வாஷருக்குக் கையை விட்டார், எண்ணெய் டப்பா வந்தது.

"யாரைக் கேட்டு மாத்தினே? முப்பது வருஷமா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கிறேன்ம்மா நான்!"

நியாயம்தானே. அவர் ஞாபகத்தைக் கலைத்துப் போட்டுவிட்டேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தேன். போச்சு, எல்லாம் போச்சு. அண்ணிகிட்ட என்னன்னு சொல்வேன்?

மார்ச் 17, திங்கள்
போனேன். "வா" என்றார், அவ்வளவே.

பத்து மணிக்குக் குழாய் வேலைக்காரர் மூச்சிரைக்க வந்தார். ஒரு வீட்டில் சமையலறைக் குழாய் கொட்டுகிறதாம். முதலாளி கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வாஷர், டேப், ஸ்பேனர் மூன்றையும் மேசையில் வைத்துவிட்டேன். அன்று திரும்ப அடுக்கியபோது மனதில் பதிந்திருக்கிறது போல. ஒழுகும் குழாயை நினைத்தேன். கை தானாக ஒவ்வோர் இழுப்பறைக்கும் போயிற்று.

முதலாளி என்னையே பார்த்தார். "இழுப்பறையைத் தொடாதே. வேணும்னா உன் கூட்டணியை எல்லாம் பையில போட்டு வாசல்ல தொங்கவிடு."

மார்ச் 20
'ஒழுகல் பை', 'கிறீச் பை' — பேர் வைத்தவள் நான். சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள். மத்தியானத்துக்குள் காலி!

மார்ச் 27
இன்றும் ஒருமுறை கப்பல் ஏறினேன். பாதியில் இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 4
மாதம் முடிந்து ஒரு நாள் ஆகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. கேட்க எனக்குப் பயம். "கேளு, கேளு" என்று அண்ணி உயிரை எடுக்கிறார்.

ஏப்ரல் 10, வியாழன்
நாளை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். லீவு கேட்டேன்.

"லீவா? வேலை தலைக்கு மேல கிடக்கு. நீயும் இல்லாம நான் ஒருத்தன் என்னத்தைப் பண்றது? நல்லா நேரம் பார்த்தே!" என்று எரிந்து விழுந்தார். கடைசியில் அரை நாள் தந்தார், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே.

திட்டு வாங்கிவிட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.