வாசலில் கழற்றிய செருப்பு

இன்று காலை தோட்டத்து ஆபீஸ் வாசலில் எட்டு ஜோடி ரப்பர் செருப்புகள் கிடந்தன. நேற்றைய மழைச் சேறு காயாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உள்ளே கிளார்க் ஐயா சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். செருப்பைக் கழற்றச் சொல்லி அங்கே பலகை எதுவும் இல்லை, யாரும் சொல்வதும் இல்லை. நம் பெண்களின் கால்கள் தாமாகவே கழற்றிவிடுகின்றன. நீ போய் இரண்டு வருடமாகிவிட்டது. அந்த வாசலைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. உன்மேலும் கோபம் இருக்கிறது, கேட்டுக்கொள்.

நீயும் நானும் ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள். நீ கொழுந்து பறிக்கப் போனாய். நான் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன். தோட்டத்திலேயே பெரிய தொண்டை உனக்குத்தான். ஆறாம் நம்பர் மலையில் சிறுத்தையைக் கண்டு நீ போட்ட சத்தத்தில், கீழே ஸ்டோரில் தேயிலை அரைத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடிவந்தார்கள். கங்காணி உன்னிடம் வாய்கொடுக்கவே யோசிப்பார். "என்னா கங்காணி, மழ கொட்டுறது கண்ணுக்குத் தெரியலையா? நாங்க என்ன மெஷினா?" என்று நீ கேட்டால் அடுத்த மலைக்காரிகளும் சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு மனிதர். இவ்வளவு போதும் உனக்கு. செருப்பு வாசலில் போய்விடும், இரண்டு கைகளும் நெஞ்சுக்குக் குறுக்கே ஏறிவிடும், கண் கால்விரலுக்கு இறங்கிவிடும். அதை நாம் மரியாதை என்று சொல்லிக்கொண்டோம். துரையின் ஜீப் வந்தால் ரோட்டை விட்டு ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் இறங்கி நின்ற நம் அம்மாமார் சொல்லிக்கொடுத்த மரியாதை.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் அப்படித்தான் நின்றாய். நாலு நாளாக நெஞ்சில் வலி, இடது கை மரத்துப்போகிறது என்று என்னிடம் சொல்லி அழுதவள் நீ. உன் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினொரு வயது. உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டொக்டர் தலையை நிமிர்த்தாமல் "என்ன வருத்தம்?" என்றார். பக்கத்தில் நின்ற உதவியாள், "சுருக்கா சொல்லு, பின்னால ஆள் நிக்குது" என்றான். நீ கையைக் கட்டிக்கொண்டு, "பெருசா ஒண்ணும் இல்லீங்க ஐயா. லேசா வலிதாங்க" என்றாய். அவர் வெள்ளை மாத்திரை எழுதினார். மறுநாள் மத்தியானம் மலையிலேயே விழுந்தாய். லேசா வலியாம்! அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கேட்கத் தெரியாத அவர்மேல் எரிகிறது, சொல்லாத உன்மேலும் எரிகிறது.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குத் தர்ஷினியின் பெயரைக் கொடுத்தார்கள். நான்தான் பேச்சை எழுதிக்கொடுத்தேன். நல்ல நல்ல சொற்களாகப் பொறுக்கிப்போட்டு, ஒரு மாதம் மனப்பாடம் செய்யவைத்தேன். வீட்டில் ஒரு இடம்கூடத் தட்டாமல் சொன்னாள். ஹட்டனில் மண்டபம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். மேடைப் படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நடுவர்களைக் கண்டதும் கையைக் கட்டினாள், தலை குனிந்தாள், தன் கால்விரல்களிடம் பேச ஆரம்பித்தாள். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. ஒரு நடுவர் மைக்கிலேயே, "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் போகாது. பரவாயில்லை மகள், போய் உட்காருங்க" என்றார். மண்டபம் சிரித்தது. என்ன பெரிய மனிதர் அவர்! ஒரு பிள்ளையை உட்காரவைக்க ஒரு தோட்டத்தையே இழுக்க வேண்டுமா?

நோர்வூட் பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த தர்ஷினி மெதுவாகக் கேட்டாள். "அம்மா மாதிரிதான சித்தி நின்னேன்? மரியாதையாதான நின்னேன்?"

மறுநாள் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் சத்தம் போட்டதும், வழக்கம்போல "கையக் கட்டு, வாயப் பொத்து" என்றேன். மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள், அத்தனை பேரும் ஒரே நொடியில் கையைக் கட்டி வாயைப் பொத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினைந்து வருடமாக நான் செய்துவந்த வேலை இதுதானா? உன் மகளுக்கும் மூன்று வயதில் இதைப் பழக்கிவிட்டவள் நான்தானே. நடுவரைத் திட்டிய வாயால் என்னையும் திட்டிக்கொண்டேன். அன்றோடு அந்த வார்த்தையை நிறுத்தினேன்.

பிறகு எழுதிக்கொடுப்பதையும் நிறுத்தினேன். உன் கொழுந்துக் கூடை என் வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை அதைத் தர்ஷினியின் தலையில் கயிறு போட்டு மாட்டிவிட்டு, மலைக்குக் கூட்டிப்போனேன். கை சும்மா இருந்தால்தானே கட்டிக்கொள்ளும்? "கொழுந்த ஆஞ்சுக்கிட்டே பேசு. எதிர்மலையில நிக்கிறவங்களுக்குக் கேக்கணும்" என்றேன். "என்னா பேசுறது சித்தி?" "உனக்கு எதுல கோவமோ அத."

முதல் வாரம் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குக் கதவில்லாததைப் பற்றிப் பேசினாள். எதிர்மலையிலிருந்து, "கேக்கல புள்ள! ஒங்கம்மா தொண்டைய எங்க வச்ச?" என்று கத்தினார்கள். இரண்டாம் வாரம் கேட்டது. மூன்றாம் வாரம் அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டார்கள், இவள் பதில் சொன்னாள். பிறகு கூடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். ஆரம்பத்தில் கைகள் மேலே ஏறத்தான் செய்தன. "கை!" என்பேன். இறக்குவாள். பிறகு கடையில், தபால் கந்தோரில், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்பதில் என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். சில நாள் அழுதுகொண்டு திரும்பிவந்தாள். மறுநாளும் அனுப்பினேன். இரக்கமில்லாதவள் என்று நீ என்னை ஏசியிருப்பாய்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய அதிகாரிகள் நாலுபேர் தோட்டத்துக்கு வந்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூட்டம். அரைமணி நேரம் அவர்களே பேசிவிட்டு, "உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார்கள். அத்தனை பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். "அப்ப குறை ஒண்ணும் இல்ல" என்று ஒருவர் பேனாவை மூடினார்.

என்னோடு வந்திருந்த தர்ஷினி எழுந்தாள். செருப்போடுதான் முன்னால் போனாள். கைகள் பாதி தூரம் ஏறின. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே இறக்கிவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு நாலு நாளா நெஞ்சு வலிச்சுச்சு. அவங்க சொல்லல. உங்க டொக்டர் நிமிந்து பாத்துக் கேக்கவும் இல்ல. அம்மா கூட நானும் சித்தியும் நின்னோம். எங்களுக்குத் தெரியும். நாங்களும் சொல்லல."

பேனாவை மூடியவர், "சரி மகள், விளங்குது. உட்காருங்க" என்றார்.

"இன்னும் முடியலைங்க ஐயா" என்றாள்.

உட்காரவில்லை. எங்கள் ஆட்கள் வந்தால் எத்தனை நாளாக, எங்கே வலி என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்க வேண்டும், பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள். அவர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதைச் செய்வார்களா, தெரியாது. செய்யாவிட்டால் அவள் மறுபடி எழுந்திருப்பாள்.

ஆனால் அவள் சொன்னதில் ஒன்று எனக்கானது. நாங்களும் சொல்லல. அன்று நான் உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். நாலு நாள் என்று எனக்குத் தெரியும், மரத்துப்போன கை எது என்றும் தெரியும். நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். இரண்டு வருடமாக உன்மேலும் டொக்டர்மேலும் கோபப்பட்டது, இதை நினைக்காமல் இருக்கத்தான் போலிருக்கிறது. இதை இனி இறக்கிவைக்க முடியாது, சாகும்வரை சுமக்க வேண்டியதுதான்.

இன்று காலை ஆபீசுக்குப் போனது, பிள்ளைக் காம்பராவின் குழாய் மூன்று மாதமாக உடைந்து கிடப்பதைச் சொல்ல. வாசலில் அந்த எட்டு ஜோடியைப் பார்த்து மனதுக்குள் ஏசிக்கொண்டே குனிந்தால், என் வலது கால் ஏற்கனவே செருப்பை விட்டிருந்தது. ஒன்பதாவது ஜோடியில் பாதி.

காலை மறுபடி நுழைத்துக்கொண்டு உள்ளே போனேன்.