மேற்கோளுக்குள் கன்னியம்மா

ஜனவரி 5, ஞாயிறு

இன்று காலை, கொரட்டூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், குடியிருப்போர் சங்கத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கும் முடிவொன்று எடுக்கப்பட்டது. இனி கூட்டக் குறிப்பில் யார் எதைப் பேசினாலும் அது ஆங்கிலத்தில், இரட்டை மேற்கோள் குறிக்குள், பேசியவர் பெயரோடு எழுதப்படும். எதிர்ப்பு இல்லை. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

காரணம் நான்தான். போன மாதக் குறிப்பில் லிஃப்டைப் பழுது பார்க்கலாம் என்று ‘உணரப்பட்டது’ என்று எழுதிவிட்டேன். உணர்ந்தது யார் என்று சண்டை வந்தது. ஆவடி தொழிற்சாலை அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு எழுதியவன் நான். அங்கே எல்லாமே உணரப்படும், அறியப்படும், கருதப்படும். ஆள் இருக்க மாட்டான். புதுச் செயலாளர் ஸ்ரீகாந்த் மென்பொருள்காரர். “துபாய்ல இருக்கிற ஓனருங்களும் படிக்கிறாங்க சார். யாரு சொன்னாங்கன்னு தெளிவா இருக்கட்டும்” என்றார்.

இணைச் செயலாளர் என்பதால் எழுதப்போவதும் நானே.

ஜனவரி 7

ஸ்ரீகாந்த் ஒரு இணையப் பக்கம் அனுப்பியிருக்கிறார். ‘சொன்னார்’ என்று எழுதி, காற்புள்ளி வைத்து, பிறகுதான் மேற்கோளைத் திறக்க வேண்டும். உள்ளே பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். முற்றுப்புள்ளி மேற்கோளுக்கு உள்ளேயாம் – செருப்பை வீட்டுக்குள் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்துவது போல. ஆள் மாறினால் பத்தி மாற வேண்டும்.

மனைவி சுதாவை வைத்துப் பயிற்சி செய்தேன். “கேஸ் தீர்ந்துபோச்சு, எத்தன தடவ சொல்றது?” இதில் சொன்னது ஒரு வாக்கியமா இரண்டா? கேள்விக்குறி எதற்கு, கேஸுக்கா எனக்கா? எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் பக்கத்து வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

கூட்டம். பொருள்: மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இடம். அதற்குத் தோதான இடம் ஒன்றுதான்: வாட்ச்மேன் கங்காதரன் குடும்பம் இருக்கும் கீழ்த்தள அறை. அவர் மனைவி கன்னியம்மா படிக்கட்டு பெருக்குகிறவள். மகள் தேவிப்பிரியா ப்ளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை.

மேலே ஏறி வரும்போது படிக்கட்டில் எல்லாரும் தாராளமாகப் பேசினார்கள். இரண்டாம் மாடி ராஜசேகரன் என் தோளில் கை போட்டு, “அந்த ரூமைக் காலி பண்ணாதான் சார் வேலை ஆவும்” என்றார். அவருடைய மின்சாரக் கார் போன மாதம்தான் வந்தது. நான் உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் மொட்டை மாடியில் காற்றுச் சத்தம் மட்டும்.

ராஜசேகரனைப் பார்த்தேன். “ரூம் விஷயமா ஒரு பேச்சு இருக்குன்னு சொல்றாங்க” என்றார்.

“யார் சார்?”

“சொல்றாங்க. அவ்வளவுதான்.”

“இங்கிலீஷ்ல ஆள் பேர் போடணும் சார்.”

“‘தே’ன்னு போட்டுக்கோங்க.”

அந்த ‘தே’, அதாவது ‘அவர்கள்’, யார்? தமிழில் ‘சொல்றாங்க’ என்றால் போதும், ஊரே பேசிவிடும், ஒருவரும் வாய் திறந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலமோ முதலில் ஆளைக் கேட்கிறது. பக்கம் முழுக்கக் காற்புள்ளிகளைத் தயாராக வைத்துக்கொண்டு வெறுமனே கீழே இறங்கினேன்.

ஜனவரி 13

முதல் மாடி வனஜா போன் செய்தாள். “அங்கிள், ரூம் பத்தி வந்தப்ப நான் சிரிச்சேன். அதைப் போட்டுடாதீங்க.” சிரிப்புக்கு மேற்கோள் குறி கிடையாது என்று உறுதி அளித்தேன். உண்டா இல்லையா என்று பிறகு தேடினேன். தெளிவாக இல்லை.

ஜனவரி 14

பொங்கல். விடுமுறை, குறிகளுக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, கூட்டம். ரூம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ‘அந்த இடம்’ என்றார்கள். ‘கீழ’ என்றார்கள்.

துடைப்பத்தோடு கன்னியம்மா வந்து நின்றாள்.

“ரூமைக் காலி பண்ணணும்னு வாட்ஸாப்புல ஓடுதாமே. எந்த ஊட்ல சொன்னாங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டேன்றாங்க. நாங்க போறோம் சார், இன்னா இப்ப? யாருக்கு வோணும்னு பேரைச் சொல்லிக் கேளுங்க. பொண்ணுக்குப் பரீச்ச முடியட்டும், போறோம்.”

கங்காதரன் அவள் கையைப் பிடித்தார். “வா மே. சாருங்க பேசிகினு கீறாங்க.”

“எங்க பேசறாங்க? அல்லாம் செல்போனப் பாத்துகினு கீறாங்க.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜனவரி 27

நாள் முழுக்க அவள் பேச்சை ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இன்னா இப்ப’ சிரமம். கேள்வி என்று நினைத்தேன். சுதா எட்டிப் பார்த்து, “அது கேள்வி இல்லைங்க, கோவம்” என்றாள். கோபத்துக்கென்று அந்த இணையப் பக்கத்தில் குறி எதுவும் சொல்லவில்லை. ஆச்சரியக்குறி வைத்தால் அவள் மகிழ்ச்சியில் குதிப்பது போல இருக்கிறது. கடைசியில் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் முழுவதையும் எழுதினேன், பரீட்சை உட்பட. குறிப்பு முழுவதிலும் மேற்கோளுக்குள் இருப்பது அவள் ஒருத்திதான்.

ஜனவரி 29

ஸ்ரீகாந்த் வீட்டுக்கு வந்தார். காற்புள்ளிகளைப் பாராட்டினார். பிறகு, “சார், ஆன் ரெக்கார்டு பேசினது அவங்க மட்டும்தான். ‘நாங்க போறோம்’னு அவங்களே சொல்லியிருக்காங்க. பிரச்சனை முடிஞ்சுது” என்றார்.

“கூடவே பேரைச் சொல்லிக் கேளுங்க, பரீட்சை முடியட்டும்னு சொன்னாளே.”

“அதுக்கு யாரும் பதில் சொல்லலையே சார். பதில் இல்லாத பேச்சைப் போட்டா படிக்கிறவங்களுக்குக் குழப்பம். விட்ட இடத்துல மூணு புள்ளி வெச்சுடலாம். நான் அனுப்பின பக்கத்துலயே இருக்கு.”

பார்த்தேன். இருக்கிறது.

இது சரியில்லை என்றேன்.

“ஓகே சார். நீங்க சொன்னதா உங்க பேர் போட்டு மினிட்ஸ்ல சேத்துடலாமா?” கேட்டது மரியாதையாகத்தான்.

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 30

என்ன பண்ணிட்டேன் நான்? புள்ளிதானே. மூணு புள்ளி. அவ சொல்லாத ஒரு வார்த்தைகூட நான் சேக்கல – சேக்கலதான். அப்புறம் ஏன் சுதா பேச மாட்டேங்கிறா? “என் பேரைப் போடுங்கன்னு ஒரு வார்த்த சொல்ல முடியலையா உங்களால?”ன்னு கேட்டா, அதோட சரி.

பிப்ரவரி 2, ஞாயிறு

குறிப்பு ஏகமனதாக ஏற்கப்பட்டது. கன்னியம்மா தாமாக முன்வந்ததற்கு நன்றி தெரிவித்து, மாதக் கடைசியில் அறையைப் பெற்றுக்கொள்வதென முடிவானது. அவளுக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்றார் ராஜசேகரன். “இதை என் பேர்லயே போடுங்க சார், கொட்டேஷன் மார்க்குள்ள.”

போட்டேன். புள்ளி உள்ளே.

பிப்ரவரி 9

படிக்கட்டில் கன்னியம்மா வழிமறித்தாள். “நான் சொன்னதத்தான எய்தின சார்?”

“ஆமா. நீ சொன்ன வார்த்ததான்.”

“யாருக்கு வோணுமாம்? பேரு வந்துச்சா?”

இல்லை என்றேன். ஒதுங்கி வழி விட்டாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், இல்லை. பிறகு எது இப்படி உறுத்துகிறது?

பிப்ரவரி 28

மதியம் குட்டியானை வண்டி வந்து சாமான்களை ஏற்றிப்போனது. வெள்ளானூரில் கங்காதரனின் தம்பி வீடாம். மாடிகளில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. சுதா மட்டும் கீழே போனாள்.

மார்ச் 3, திங்கள்

ப்ளஸ் டூ தேர்வு இன்று ஆரம்பம். காலையில் கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் போனபோது தேவிப்பிரியா பிளாட்பார பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். விடியுமுன்பே வெள்ளானூரில் பஸ் ஏறி, ஆவடியில் ரயில் மாறி வந்ததாகவும், பள்ளிக்கூடக் கதவு இன்னும் திறக்கவில்லை என்றும் சொன்னாள்.