ஜீப்புக்குள் எழுபத்தோரு டெசிபல்

மார்ச் 4

மனைவி இன்று இறுதித் தீர்ப்பை வாசித்தாள். முப்பதாம் தேதி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போகிறோம். குவாரிச் சாலையில் இரண்டு மணி நேரம். ஜீப்பைத் தவிர எதுவும் அங்கே ஏறாது.

"கால் சுடாம, காது அடைக்காம நான் உக்காந்து வர்ற மாதிரி பண்ணுங்க. இல்லேன்னா திரும்பி வந்ததும் அந்த நாய்ப்பண்ணைக்காரர்கிட்ட வித்துடுங்க. ரொம்ப நாளா கேக்குறாரு. அவரோட நாய்ங்க குறை சொல்லாது."

பதினோரு வருடமாக ஈரத் துண்டைக் காலடியில் போட்டுக்கொண்டு இதில் வந்தவள். கோபப்பட எனக்கு உரிமை உண்டா? தெரியவில்லை. பட்டேன்.

மார்ச் 5

நான் நில அளவையாளன். அளக்காத எதையும் நம்புவதில்லை. ஓடும் ஜீப்புக்குள் சத்தம் தொண்ணூற்று மூன்று டெசிபல். காலடித் தகடு ஐம்பத்தாறு டிகிரி. அழகாக வரைபடம் போட்டு மனைவியிடம் காட்டினேன்.

"அளந்ததுல கொஞ்சம் குறைஞ்சிருக்கா?" என்றாள்.

மார்ச் 11

இருக்கைகளைக் கழற்றி, சத்தத்தை அடக்கத் தகடெங்கும் தார் ஷீட் ஒட்டி, உருளையால் தேய்த்தேன். அதன்மேல் சூட்டைத் தடுக்க வெள்ளித்தாள். கூரைக்கு ஃபெல்ட். கியர் கம்பியைச் சுற்றி ஓர் ஓட்டை இருக்கிறது: பதினோரு சென்டிமீட்டருக்கு ஒன்பது. அதன் விளிம்பையொட்டி ஷீட்டை வெட்டினேன். ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை.

முதுகு என்று ஒன்று இருந்ததாக நினைவு.

மார்ச் 12

தொண்ணூற்று ஒன்று. ஐம்பத்தைந்து.

மார்ச் 17

மெக்கானிக்கிடம் போனேன். திருப்புளியை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பவர். அதனால் எல்லோருக்கும் அவர் 'டாக்டர்'. என் வேலைப்பாட்டை மரியாதையோடு பார்த்தார். பிறகு அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

"சார், இங்க ஒரு ரப்பர் உறை இருந்திருக்கும். எப்பவோ கிழிஞ்சு விழுந்துருச்சு. வீடு பூரா போர்வை போத்திட்டு வாசக்கதவை ஆன்னு திறந்து வச்சிருக்கீங்களே. சூடும் சத்தமும் இது வழியாத்தான் வருது."

"ஓட்டையை நான் பார்த்தேன்," என்றேன்.

"பார்த்தா போதுமா? இவ்வளவு நேர்த்தியா ஓரம் வெட்டியிருக்கீங்க!"

முப்பது வருடமாக அடுத்தவர் எல்லையில் கை வைக்காமல் வேலை செய்தவன். ஓட்டைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 23

புது ரப்பர் உறை. ஒயர் நுழையும் துளைகளுக்கும் அடைப்பு. எழுபத்தோரு டெசிபல். முப்பத்தேழு டிகிரி. இரண்டு முறை அளந்தேன். மூன்றாவது முறை சந்தோஷத்துக்காக.

மார்ச் 30

போய் வந்தோம். எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

முதல் அரை மணி நேரம் துண்டு அவள் மடியில் மடித்தபடியே இருந்தது. ஒரு வளைவில், "கொஞ்சம் மெதுவா போங்க" என்றாள்.

ஓட்டும்போது அவள் எதைச் சொன்னாலும் நான் முணுமுணுத்துப் பதில் சொல்வேன். பதினோரு வருடப் பழக்கம். இன்ஜின் அத்தனையையும் விழுங்கிவிடும். வீட்டில் நான் எதற்கும் மறுபேச்சுப் பேசுவதில்லை; எதிர்க்கட்சி கூடுவது இந்த ஜீப்பில் மட்டும். இன்றும் வாய் தன் வேலையைச் செய்தது.

"இதுக்கு மேல மெதுவா போனா, உன் அக்கா வீடு தானா நடந்து வந்துடும்."

மௌனம். எழுபத்தோரு டெசிபல் மௌனம்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"உங்க உதடு அசையும். பாட்டுப் பாடுறீங்கன்னு நெனச்சேன். பதினோரு வருஷமா."

ஐயோ — என்ன பண்ணித் தொலைச்சேன்? நானே, என் கையால, உருளை வச்சுத் தேய்ச்சு!

மார்ச் 31

அவள் பேசவில்லை. வீட்டில் முப்பத்தெட்டு டெசிபல்.

ஏப்ரல் 2

நாய்ப்பண்ணைக்காரர் வந்தார். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்து மயங்கிப்போனார். "எப்ப எடுத்துக்கலாம்?" என்று என்னைக் கேட்டார். பதில் சமையலறையிலிருந்து வந்தது.

"விக்கிறதா இல்லைங்க. இவரு மனசுல இருக்கறதைச் சொல்ற ஒரே இடம் அதுதான்."

சிரித்துக்கொண்டு சொன்னாளா? சுவர் மறைத்தது.

ஏப்ரல் 9

மாலையில் குவாரிச் சாலைப் பக்கம் ஒரு சுற்று. அங்கே ஒரு வேலையும் இல்லை. அவளாகவே வந்து ஏறினாள். துண்டு கொண்டுவரவில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். "கொஞ்சம் மெதுவா போங்க" என்றாள். பிறகு ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.