நான் கேட்காத மன்னிப்பு

கிங்ஸ்டன், நியூ பிரன்ஸ்விக்
1788 மார்ச் 9

செல்ல மகள் கெத்சீயாளுக்கு,

உன் அப்பா நானே, என் கையாலேயே எழுதுகிறேன். அறுபத்தேழு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்துக் குடிசை சார்ஜென்ட் மெக்ரே பனிக்காலம் முழுக்க என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். இந்த ஒரு பக்கத்தை எழுத மூன்று நாள் ஆகிறது. ஆகட்டுமே, எனக்கென்ன அவசரம். இங்கே உப்பு மீன் இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது, நம் இங்கிலாந்து ராஜாவின் கொடி இருக்கிறது.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். மெக்ரேயின் பெட்டிக்குள் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாளில் என் பெயரைப் பார்த்துத் துள்ளிவிட்டேன். தொடர்ந்து படித்தேன். ‘ராஜாவை ஆதரித்துப் பேசியது என் குற்றம். ஊரார் மன்னிக்க வேண்டும். யாபேஸ் ஹல்ஸ், ஸ்டோனி புரூக், 1775.’

அந்த வருஷம், ராஜாவை எதிர்த்த ஊர்க் கமிட்டியின் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போட்டேன், உண்மைதான். ராஜாவின் கப்பல்களுக்கு மாடு விற்கமாட்டேன் என்ற உறுதிமொழி என்றுதான் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மறு வாரமே ராஜாவின் படைக்கு வண்டி ஓட்டப் போய்விட்டதால், அதில் என்ன எழுதியிருந்தது என்று வேறு யாரும் சொல்லவில்லை. வாசித்தது நீ. அவசரத்தில் தவறாகப் படித்துவிட்டாயா, மகளே?

உன் அப்பா
யாபேஸ்

ஸ்டோனி புரூக், கனெக்டிகட்
1788 மே 2

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. படித்ததும் நின்றது.

தவறாகப் படிக்கவில்லை. தெரிந்தேதான் மாற்றிப் படித்தேன். வெளியே உங்கள் உடம்பில் ஊற்றத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் ஒட்டத் தலையணையைக் கிழித்து இறகும் எடுத்து வைத்திருந்தார்கள். ஏனோஸ் அப்போது என் கணவர் ஆகவில்லை. கமிட்டியில் இருந்த அவர்தான் என் காதில், “உங்கப்பா சாவாரே தவிர மன்னிப்பு கேக்கமாட்டாரு. நீதான் ஏதாவது பண்ணணும்” என்றார். பண்ணினேன். இன்றும் அதற்கு வருந்தவில்லை.

போரில் ராஜா பக்கம் நின்று ஊரை விட்டுப் போனவர்களில் மன்னிப்பு கேட்டவர்கள் மட்டும் திரும்பி வரலாம் என்று ஊர்க்கூட்டம் இப்போது முடிவு செய்திருக்கிறது. அந்தக் காகிதத்தால் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. வந்து வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பேரனுக்கு ஒரு வயது. உங்கள் காதுதான் அவனுக்கு. வாருங்கள்.

உங்கள் கெத்சீயாள்

கிங்ஸ்டன்
1788 ஜூன் 20

மகளே,

ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மெக்ரே, “பெத்த மக தோலக் காப்பாத்தியிருக்கா, அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படிய்யா?” என்றான். நியாயம்தான். கோபம் போய்விட்டது. நீ வருந்த வேண்டாம். நானும் வருந்தப்போவதில்லை.

ஆனால் வரமாட்டேன். பிள்ளையைத் தூக்கக் கை துடிக்கிறது. அதற்காக, நான் கேட்காத மன்னிப்பை எனக்கு வழங்கியதாக அவர்கள் பெருமைப்பட விடுவேனா? இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ‘யாபேஸ் ஹல்ஸ் ஆகிய நான் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. தார் பூசியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். என் ராஜா என் ராஜாதான்.’ ஞாயிற்றுக்கிழமை சபையில் யாராவது படிக்கட்டும். உனக்குப் பயமென்றால் அடுப்பில் போட்டுவிடு. ஏனென்று கேட்கமாட்டேன்.

என்றும் உன்
அப்பா

ஸ்டோனி புரூக்
1788 ஆகஸ்ட் 25

அப்பா,

போதகர் படிக்க மறுத்துவிட்டார். ஏனோஸ் தாளைப் பிடுங்கப் பார்த்தார். சபையில் பெண்கள் வாய் திறப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். பிரசங்கம் முடிந்ததும் நானே எழுந்து படித்தேன், எழுதியது எழுதியபடி. மூப்பர் ஒருவர், “உக்காரும்மா” என்று அதட்டினார். “இன்னும் ஒரு வரி இருக்கு” என்றேன்.

பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். இனி நீங்கள் இங்கே வரவே முடியாது. அதனால் நாங்கள் வருகிறோம், நானும் பிள்ளையும், செப்டம்பர் கப்பலில். ஏனோஸ் ஒரு வாரமாக என்னிடம் பேசவில்லை. நேற்று என் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

கெத்சீயாள்