வண்டிப் பொட்டு

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
14.3.2025

கௌதம்ராஜுக்கு அத்தை பத்மாசனி எழுதுவது.

உன் காரின் பொட்டை நான் அழித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ராஜபாளையத்தில் உன் வீட்டில் தொடங்கிய பேச்சு செட்டியார்பட்டி வரை போய்ச் சுற்றிவிட்டு, போன வாரம் இங்கே கோயில் வாசலில் பூ விற்கிறவள் வாய் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. தாலியறுத்தவள் கை பட்டதால்தான் விபத்து நடந்தது என்று முடிகிறதாம் அந்தக் கதை. அதைத் திருத்துகிறேன். நான் அழிக்கவில்லை, உரித்து எடுத்தேன். பிப்ரவரி எட்டாம் தேதி சனிக்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு, தேங்காய் எண்ணெய் தொட்டு, விளக்குக் கண்ணாடியில் கீறல் விழாமல், உன் கண் முன்னால், நீ சரி என்று சொன்ன பிறகு எடுத்தேன். ஏன் எடுத்தேன், எடுத்த பிறகு அங்கே எதை ஒட்டினேன் என்று முழுதாகத் தெரிந்தவன் நீ ஒருவன். நீ ஷார்ஜாவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இந்தக் கடிதம் ‘அன்புள்ள’ என்று தொடங்காததற்குக் காரணம் அதுதான்.

இதன் நகலை, விபத்து வழக்கில் எங்களுக்காகப் பேசும் வழக்கறிஞர் ஹெப்சிபாவும் படிக்கப்போகிறார். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் வரிசையாகவே எழுதுகிறேன்.

உன் மகளின் காதணி விழாவுக்காக ஜனவரியில் அந்த வண்டியைக் கப்பலில் கொச்சிக்கு அனுப்பி, ஆறு மாத அனுமதி வாங்கி, செங்கோட்டை வழியாக ஓட்டி வந்தாய். அமெரிக்காவில் ஓடுவதற்காகச் செய்த வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். என் டிரைவர் சீனிச்சாமி முதல் நாளே அதன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இண்டிகேட்டர் போட்டால் மஞ்சள் விளக்கு எரியவில்லை, சிவப்பு பிரேக் விளக்கேதான் மினுங்குகிறது, பின்னால் வருகிறவன் குழம்பிப்போவான் என்றார். நீ சிரித்தாய். கொச்சியில் ஏஜென்ட் எல்லாவற்றையும் நம் நாட்டுச் சட்டப்படி மாற்றிக் கொடுத்துவிட்டதாக உன் அப்பா வைகுண்டராஜ் சொன்னான். எதை மாற்றினார்கள் என்று கேட்டேன். ‘எல்லாம்’ என்றான். என் தம்பி சிறு வயதிலிருந்தே இப்படித்தான். தெரியாததை எல்லாம் ‘எல்லாம்’ என்ற ஒரே சொல்லில் மூடுவான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் பீர் முகமதுவை நான்தான் உன்னிடம் அனுப்பினேன். முகப்பு விளக்கை மறைத்துச் சரிசெய்து, பின்னால் இரண்டு மஞ்சள் விளக்கும் வைத்துத் தருவதாக அவர் சொன்னார். “இது அமெரிக்க வண்டி பாய், ஒங்க கை பட்டா வாரண்டி போயிரும்” என்று அவரைத் திருப்பி அனுப்பினாய். அறுபது வயது மனிதர், பையைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து, “ஆச்சி, அது கை மாறி அடிக்கிற லைட்டு. நம்ம ரோட்டுக்கு ஆவாது” என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போனார்.

அதற்குள் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தது. போலீஸ்காரர்கள் ராஜபாளையத்தில் எல்லா வண்டிகளுக்கும் ஒட்டியதுபோல உன் வண்டியின் முகப்பு விளக்கு ஒவ்வொன்றின் நட்டநடுவிலும், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசாமலிருக்க, வட்டமான கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நம் பக்கத்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் காலம் காலமாக வைக்கிற பொட்டுதான். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸே பொட்டு வைத்தாகிவிட்டது, இனி யார் என்ன சொல்வது என்று உன் அம்மா அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். முப்பத்தொரு பேர் கை கூப்பினார்கள்.

நான் வண்டியோடு வந்த கையேட்டுப் புத்தகத்தைப் படித்தேன். டேஷ்போர்டுப் பெட்டியில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. அச்சில் இருப்பதைப் படிக்காமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று கான்வென்டில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீ நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய வண்டியின் புத்தகத்தை நான் இரண்டு மத்தியானத்தில் படித்து முடித்தேன். இந்த வண்டியில் டிம் போட்டால், வெளிச்சம் இடப்பக்கம் தாழ்ந்தும் வலப்பக்கம் உயர்ந்தும் விழும்படி செய்திருக்கிறார்கள். நீ இருக்கும் ஊரில் வலப்பக்கம் என்றால் சாலையின் ஓரம். இங்கே வலப்பக்கம் என்றால் எதிரே வருகிறவனின் கண். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு எடுத்துப்போனால் விளக்கின் எந்தப் பகுதியை மறைக்க வேண்டும் என்று படமே போட்டிருக்கிறது. நடுவில் வைக்கும் பொட்டு அந்த இடத்தைத் தொடவே தொடாது.

அந்தச் சனிக்கிழமை, உன் அப்பாவின் பேண்டேஜ் துணிக் கொடவுன் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி டிம் போடச் சொன்னேன். பொட்டு இருக்கும்போதே போடச் சொன்னேன். சுவரில் வெளிச்சத்தின் மேல்கோடு நடு வரைக்கும் நேராக வந்து, அப்புறம் வலது பக்கம் ஏறியது. நீ கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தாய். “ஆமா அத்தை, படிக்கட்டு மாதிரில்லா ஏறுது” என்றாய். அதன் பிறகுதான் பொட்டை உரித்தேன். புத்தகத்தில் இருந்த படத்தின் அளவைத் தாளில் வரைந்து, வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை அதன்படி வெட்டி விளக்கில் ஒட்டினேன். மறுபடி விளக்கைப் போட்டாய். ஏற்றம் மறைந்து கோடு நேரானது. அதை உன் கைப்பேசியில் படம் பிடித்தாய். என்னைப் பார்த்து, கெட்டிக்காரி அத்தை என்று வேறு சொன்னாய்.

மறுநாள் விழா. சாப்பாடு முடிந்து வீடியோக்காரர் குழந்தையை வண்டிக்கு முன்னால் நிறுத்தினார். ஒட்டுப்போட்ட வண்டியைப் படத்தில் வைத்தால் அசிங்கமாக இருக்கும் என்றாள் உன் அம்மா. பொட்டு எங்கே போனது என்று கேட்டாள். நான் எடுத்தேன் என்று நானே சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாளைப் பார்த்துச் சொன்னாள்.

“தனக்கு இல்லாத பொட்டு வண்டிக்கும் இருக்கக் கூடாதுன்னு நெனைக்காவ போல.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். உன் மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அன்று என் நெற்றியில் யார் கையையும் படவிடவில்லை. நானே எடுத்தேன். உன் அம்மாவுக்கும் அது தெரியும், தட்டை ஏந்திக்கொண்டு நின்றவள் அவள்தான். அவளைப் பற்றி நான் உன்னிடம் முறையிடவில்லை. நான் சொல்வது உன்னைப் பற்றி. நீ தலை நிமிரவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, நகத்தால் அந்த டேப்பைச் சுரண்டி எடுத்தாய். சீட்டுக்கடியில் இருந்து வேறு இரண்டு கறுப்பு வட்டம் எடுத்து நடுவில் ஒட்டினாய். அந்த ஐந்து நிமிடத்தில், முந்தின நாள் சுவரில் பார்த்ததை உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

குழந்தையின் வலது காது சீழ் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்று. கம்மலைத் திருகாதே. இரண்டு நாளில் வற்றவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு. இதற்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை.

மாலையில் நீ விருந்தாளிகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாய். நாங்கள் ஆறரைக்கு ராஜபாளையத்திலிருந்து கிளம்பி எதிர்த்திசையில் வந்தோம். இருட்டிவிட்டது. நடுவில் தடுப்பு இல்லாத இடம். திடீரென்று எங்கள் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. சாலைக் கோடு இல்லை, ஓரம் இல்லை. சீனிச்சாமி தன் விளக்கை இரண்டு முறை ஏற்றித் தாழ்த்திக் காட்டினார். எதிர் விளக்கு தாழவில்லை. எப்படித் தாழும்? அது உன் வண்டி, ஏற்கெனவே டிம்மில்தான் இருந்தது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இடப்பக்கம் ஒதுங்கினார். அங்கே நூற்பாலையில் பகல் ஷிப்ட் முடித்து ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த பாண்டிசெல்வி மீது எங்கள் கார் இடித்தது.

நீ ஓடிப்போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாய். அவளைத் தூக்கி உன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். நடந்தது அது என்பதால் என் வாக்குமூலத்தில் அதையும் எழுதியிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு, தகடு வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். எதிர்த்து வந்த வெளிச்சத்தில் தனக்கும் கண் கூசியது, பின்னால் கார் வந்ததே தெரியவில்லை என்றாள். சீனிச்சாமி மேல் அவளுக்குக் கோபம் இல்லை. உன் மேலும் இல்லை. அவள் அளவுக்கு நல்ல மனது எனக்குக் கிடையாது.

போலீஸ் நிலையத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். பிரைட்டா, டிம்மா என்றார்கள். டிம் என்றாய். உண்மை. விளக்கில் பொட்டு இருந்ததா என்றார்கள். இருந்தது என்றாய். அதுவும் உண்மை. இரண்டு உண்மையைச் சொல்லிவிட்டு நான்காம் நாள் விமானம் ஏறினாய். அடுத்த வாரம் வண்டியும் கொச்சியில் கப்பல் ஏறியது. இப்போது அது ஓடும் ஊரில் அந்த விளக்கு சரியான விளக்கு. அங்கே யார் பார்த்தாலும் அதில் ஒரு குற்றமும் காண முடியாது.

நீ போன பிறகு வைகுண்டராஜ் போலீஸில் எழுதிக் கொடுத்ததை ஹெப்சிபா எனக்குப் படித்துக் காட்டினார். விளக்கு சரியாக இருந்தது, சீனிச்சாமி தூங்கிவிட்டார் என்கிறான். விளக்கில் கோளாறு இருந்தால் அது முந்தின நாள் அக்கா நோண்டியதால் வந்தது என்றும் சொல்கிறான். எந்தப் பக்கம் விழுந்தாலும் தன் மகன் மேல் விழக் கூடாது என்று எழுதிய எழுத்து. தகப்பன் அப்படி எழுதுவது எனக்குப் புரிகிறது. மன்னிக்க முடியவில்லை.

சீனிச்சாமி பத்தொன்பது வருடம் என்னிடம் இருக்கிறார். குடிக்காதவர். அன்று ஊதிப் பார்த்ததிலும் ஒன்றும் இல்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி அவருடைய லைசென்ஸ் பற்றி விசாரணை. ஐம்பத்தெட்டு வயதில் அது போனால் அவருக்கு வேறு தொழில் கிடையாது. இன்னமும் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, விசாரணை முடியும் வரை தான் ஓட்டக் கூடாத காரைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறார். முந்தாநாள் நின்று சொன்னார்: “தூங்கிட்டேன்னே கையெழுத்துப் போட்டு முடிச்சிருதேம்மா. என்னால ஒங்க குடும்பத்துக்குள்ள எதுக்குச் சண்டை?”

பொய்யில் கையெழுத்துப் போடுவதானால் என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர் போன பிறகுதான் அதைச் சொல்வது எனக்கு எவ்வளவு எளிது என்று உறைத்தது. லைசென்ஸ் போகப்போவது எனக்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. நீ அன்று விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பியபோது நான் விழா நடந்த மண்டபத்து வாசலில்தான் நின்றேன். திரும்பி வரும்போது இருட்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு எட்டு வைத்து, அந்த டேப்பை ஒட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். உன் அம்மா சொன்ன சொல்லுக்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி வாய் திறக்க என் கர்வம் விடவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றுகூட நினைத்தேன். பட்டது பாண்டிசெல்வி. இதை என் வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது வேண்டாமே என்றார் ஹெப்சிபா. வேண்டும் என்றேன்.

நீ எழுதிக் கொடுத்தால் உனக்கு என்ன வரும் என்று அவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒன்றும் வராது என்று உனக்கு ஆறுதல் எழுத மாட்டேன். அபராதம் வரலாம். அடுத்த முறை வண்டி கொண்டுவர முடியாமல் போகலாம். உன் அப்பாவின் வாக்குமூலம் பொய்யாகும். அவ்வளவும் தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். “விடுங்க அத்தை, இன்சூரன்ஸ் பாத்துக்கும்” என்கிறாய். சீனிச்சாமி தூங்கினாரா இல்லையா என்பதை எந்த இன்சூரன்ஸும் பார்த்துக்கொள்ளாது. இனி குரல் செய்தி அனுப்பாதே, திறக்க மாட்டேன். போனும் செய்யாதே. உன் அப்பா மூலமாகவும் எதுவும் சொல்லி அனுப்பாதே.

எட்டாம் தேதி சுவரில் என்ன பார்த்தாய், ஒன்பதாம் தேதி டேப்பை எடுத்தது யார். இந்த இரண்டையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதி, நீ எடுத்த படத்தின் பிரதியையும் வைத்து, தேதி போட்டு, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டு, மேலே உள்ள முகவரிக்குக் கூரியரில் அனுப்பு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் என் கையில் இருக்க வேண்டும். எழுத முடியாது என்றால், முடியாது என்பதையாவது எழுத்தில் அனுப்பு.

வே. பத்மாசனி