முகத்தில் ஏறாத முதுமை

நகரும் பஸ்ஸின் ஜன்னலில் பையை வீசி எனக்கும் சேர்த்து இடம் பிடித்த என் அக்காவுக்கு,

உன் மகள் பவித்ரா பிள்ளை உண்டாகி இது எட்டாம் மாதம். முகம் அப்படியே உன்னுடையது. சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவதுகூட. பெரம்பலூரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், உன்னிடமிருந்து அவளுக்கு வந்த இன்னொன்றும் தெரிந்தது. உன் ஈரலைத் தின்ற அதே ஹெபடைடிஸ் பி வைரஸ்.

விக்கிரமங்கலத்தில் நமக்கு அது வெறும் மஞ்சள்காமாலை. பள்ளி நாட்களில் உனக்கு வந்தபோது பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள், உப்பில்லாத மோர்ச்சோறு. நீ ஊறுகாய் ஜாடிக்குள் கைவிட, நான் கதவருகே காவல் நின்றேன். ஒரு காலையில் அம்மா உன்னை வெயிலில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்து, "கண்ணு வெள்ளையாயிடுச்சுடி, தலைக்கு ஊத்திட்டு வா" என்றாள். அன்று மீன்குழம்பு. நோய் போய்விட்டதென்று எல்லோரும் நம்பினோம். அது எங்கும் போகவில்லை.

அதன்பின் உனக்கு வயதே ஏறவில்லை. திருமானூர்க் கல்யாணப் பந்தியில் ஒருவர், "தங்கச்சிங்களா சார்?" என்று என்னிடம் கேட்டார். நீ முந்திக்கொண்டாய். "ஆமாங்க, என்னைத் தூக்கி வளத்த அண்ணன். தலையப் பாத்தா தெரியல?" என் வழுக்கையைக் காட்டி நீ சிரித்த சிரிப்பில் எதிர் இலைக்காரருக்குப் புரையேறியது.

ஐம்பது வயதில், நரையில்லாத தலையோடு நீ திருச்சியில் படுத்திருந்தபோது மருத்துவரிடம் கேட்டேன்: வயதே ஏறாத இவளுக்கு ஈரல் எப்படிக் கெட்டது?

"அக்காவுக்கு வயசாகலைங்க சார். அவங்க எதிர்ப்பு செல்லுங்களுக்கு வயசாயிடுச்சு. வருசக்கணக்கா ஒரே வைரஸோட மோதி ஓஞ்சுபோச்சு. புதுசா பெருகவும் மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது. அங்கயே நின்னு ஈரலைப் புண்ணாக்குது. முன்னாடியே பாத்திருந்தா மாத்திரையில வைரஸை அடக்கி வச்சிருக்கலாங்க."

பந்தியில் நீ சிரித்த அன்றும் உனக்குள்ளே அந்தக் கிழட்டுச் செல்கள் நின்றுகொண்டிருந்தனவா? உனக்குக் களைப்பே வந்ததில்லையா? வந்தும் சொல்லவில்லையா?

உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் கணவர் என்னிடம் பேசினார். பவித்ரா பிறந்தபோதே மருத்துவமனையில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: தாயைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும், குழந்தைக்கு உடனே ஊசி போட வேண்டும் என்று. அவர் இரண்டையும் செய்யவில்லை.

"எதுக்கு ஊசின்னு நாலு பேரு கேப்பாங்கல்ல மாப்ள. அவளுக்கும் கண்ணு வெள்ளையாத்தான இருந்துச்சு. சொன்னா பயந்துருவான்னு விட்டுட்டேன்."

நான் குரலை உயர்த்தவில்லை. அவரை மாமா என்று அழைப்பதை அன்றோடு நிறுத்தினேன். மனைவியின் பயத்தைக் காரணம் காட்டித் தன் கௌரவத்தைக் காத்துக்கொண்டவருக்கு என்னிடம் உறவுச் சொல் எதுவும் மீதமில்லை.

போன மாதம் குரும்பலூரில் வளைகாப்பு. தாய்மாமன் சீராக வளையல் தட்டைக் கொடுத்தபோது பவித்ரா தணிந்த குரலில் கேட்டாள். "மாமா, அப்பா உங்களையும் பேச வேணாம்னாரா?"

"ஆமாம்மா."

"அம்மாகிட்ட மறைச்சது போதும். நானே சொல்லிடறேன்."

கணவனையும் மாமியாரையும் உள்ளறைக்கு அழைத்துச் சொன்னாள். அந்த அம்மாள் மருமகளின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். பிறகு, "எங்கூட்டுப் புள்ளைக்கு வராம தடுக்க வழி இருக்கா?" என்றார்.

"இருக்குங்க அத்தை. எனக்கு இப்ப மாத்திரை. பொறந்தவொடனே அதுக்கு ஊசி."

"டேய், நாளைக்கு நீயும் போயி ரத்தம் குடுத்துப் பாரு" என்று மகனிடம் சொன்னவர், கதவருகே நின்ற உன் கணவரிடம் திரும்பினார். "இதுக்கா சம்பந்தி இத்தன வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

அவர் கதவைவிட்டு விலகி வாசலுக்குப் போனார். நீ கேட்டிருந்தால் உனக்காவது அவர் பதில் சொல்லியிருப்பாரா?

இதை ஊரறிய எழுதலாமா என்று பவித்ராவிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா. பேரும் போடுங்க" என்றாள்.

பிரசவத்துக்கு அவளை அரியலூரில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மாத்திரை தவறாமல் போகிறது. பேரப்பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டுவைக்கும் உரிமை தனக்குத்தான் என்று உன் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வரட்டும். பிரசவ அறை வாசலில் நான் நிற்பேன். ஊசி போட்டாயிற்று என்று செவிலியர் சொன்ன பிறகுதான் குழந்தை அவர் கைக்குப் போகும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தம்பி,
பவித்ராவின் தாய்மாமன்